கத்தரிக்கோல் கேட்ட மேசையும் கோலா கேட்ட மேசையும்

கன்ரீனில் கரண்டி பிடிக்கிறவனுக்கு ஆட்களின் பெயர் பிறகுதான் தெரியவரும். அதற்கு முதலே அவர்களுடைய வயிறு தெரிந்துவிடும். யார் 'குழம்பு இன்னும் கொஞ்சம்' என்று கண்ணால் கேட்பார், யார் மத்தியானம் சலாட் மட்டும் எடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கேக்குக்கு ஒளித்து வருவார், யார் வீட்டில் சண்டை பிடித்த அன்றைக்கு இரண்டு புடிங் எடுப்பார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஜேர்மனிக்கு வந்த எங்கட ஆட்களில் கனபேர் ஏதோவொரு குசினியில் நின்று கால் வீங்கினவர்கள்தான். ஆகவே இதை வாசிக்கிற உங்களுக்கு நான் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

என் பெயர் அந்தோனி. மன்னாரில் பிறந்து, கெல்சென்கிர்ச்சனில் வயிறு வைத்தவன். இங்கே ஒரு தொழிற்சாலையின் கன்ரீனில் இருபத்திரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறேன். போன வருஷம் புது மெஷின் பூட்டுகிற அலுவலாக அமெரிக்காவில் இருந்து ஐந்து பேரும் கொரியாவில் இருந்து ஏழு பேரும் வந்து, மாதக்கணக்கில் எங்களோடு நின்றார்கள். அந்த மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுடைய தட்டுகளைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர்கள் பேசியது ஜேர்மனிலும் உடைந்த இங்கிலிஷிலும். நான் அதை எங்கட தமிழில் சொல்லுகிறேன்.

முதல் நாள்

அவர்கள் வந்த முதல் நாள் ஷ்னிற்செல். பாண்தூளில் பிரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு, பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு. அமெரிக்கர்களின் தலைவர் டேவ், கதவை நிறைத்துக்கொண்டு உள்ளே வருகிற ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிரித்தால் தோளும் சேர்ந்து சிரிக்கும். தட்டைப் பார்த்துவிட்டு, இது எல்லாருக்கும் ருசி பார்க்கத் தருகிறதா என்று மரியாதையாகக் கேட்டார். இதுதான் சாப்பாடு என்றேன். பிறகு கோலாவுக்கு ஐஸ் எங்கே, முடிந்தால் திரும்ப நிரப்புகிற இடம் எங்கே என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், விமானம் பிழையான ஊரில் இறக்கிவிட்டதோ என்கிற மாதிரி ஒரு முகம்.

கொரியர்களின் தலைவி பிரௌ ஹான், எங்கட பாஷையில் திருமதி ஹான். நாற்பது வயது மதிக்கத்தக்க பொறியியலாளர், மெல்லிய ஆள், நல்ல ஜேர்மன் பேசுவார். அவர் திரும்பி வந்து கேட்டது ஒரு கத்தரிக்கோல். பேப்பர் வெட்டவாக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கழுவித் துடைத்து, ஏழு ஷ்னிற்செலையும் சின்னத் துண்டுகளாக வெட்டி மேசை நடுவில் வைத்தார். எல்லாரும் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறகு சூப் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். போகும்போது மூன்று ஷ்னிற்செல் அளவு துண்டுகள் மிச்சம் இருந்தன.

எங்கட கன்ரீனை நடத்துகிறவர் பிரௌ கமின்ஸ்கி. சுரங்கத் தொழிலாளியின் மகள், கதையில் எண்ணெய் விடமாட்டார், நேரே சொல்லிவிடுவார். இரண்டு மேசையையும் பார்த்துக்கொண்டு நின்றவர் என்னிடம் சொன்னது: "ஒரு மேசை கோலா கேக்குது, ஒரு மேசை கத்தரிக்கோல் கேக்குது. எங்கட ஆக்கள் ஒண்டும் கேக்காமல் குறை மட்டும் சொல்லுவினம்."

புளிக்கோவா

சவர்க்ரௌட் என்கிற புளிக்கவைத்த முட்டைக்கோவா எங்கள் குசினியில் ஒரு அநாதை. சமைக்கவேண்டும் என்பதற்காகச் சமைப்போம். தட்டோடு போய்த் தட்டோடு திரும்பும். கொரியர்கள் வந்த இரண்டாவது கிழமையில் அந்தத் தட்டம் பன்னிரண்டரைக்கே காலி. எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய மேசையில் ஒரு சின்னப் பேணியில் சிவப்பு மிளகாய்த்தூள். கோவாவில் தூவி, குழைத்து, இறைச்சியை விட அதைத்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எழும்பிவிட்டது. மிளகாய் என்றால் அது எங்கட சொத்து இல்லையா. அடுத்தநாள் மனுசி செலின் வீட்டில் வறுத்து அரைத்த தூளில் ஒரு போத்தல் கொண்டுபோய்ப் பிரௌ ஹானிடம் கொடுத்தேன். கொஞ்சமாகப் போடச் சொன்னேன். அவர்கள் தங்கட தூளைப் போல் கரண்டியால் போட்டார்கள். ஒருவர் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றினார். பிரௌ ஹான் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்: "நாங்கள் உறைப்புச் சாப்பிடுறவை எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தம்."

ஒப்படைத்த வயிறு

ஒக்டோபரில் ஒருநாள் டேவ் எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கவுண்டருக்கு வந்தார். ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, மாற்றவேண்டும், ஆனால் பதினெட்டுக் கிலோ குறைந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். மே மாதம் மகளின் கலியாணம். அவர்கள் ஊர் வழக்கப்படி தகப்பன் மகளோடு எல்லாருக்கும் முன்னால் ஒரு பாட்டுக்கு ஆடவேண்டும். மகள் ஐந்து வயதில் தன்னுடைய சப்பாத்தில் ஏறி நின்று ஆடினவள் என்று சொன்னார்.

கேட்டது ஒன்றுதான். இனிமேல் எதிலும் பாதி. தான் திரும்ப வந்து கேட்டாலும் தரக்கூடாது. நான் ஓம் என்றுவிட்டேன். ஆனால் உங்களுக்குத் தெரியும், எங்கட கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. போதும் என்கிறவனுக்கும் இன்னொரு கரண்டி போட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். பாதி போடுகிற ஒவ்வொரு தடவையும் ஏதோ களவெடுக்கிற மாதிரி இருந்தது.

மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நாலாவது நாள் கறிவூர்ஸ்ற், கறித்தூள் தூவின சொசேஜ். இந்த ரூர் சுரங்கப் பிரதேசத்தில் அந்தச் சொசேஜுக்கும் பொரித்த கிழங்குக்கும் கோயில் கட்டாத குறை. டேவ் இரண்டாம் முறை வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தட்டை நீட்டவும் இல்லை. அந்தக் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அள்ளிப் போட்டுவிட்டேன், அதுவும் நிறைய. நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவர் வந்து கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குச் சுட்டது: "நான் உம்மை நம்பித்தான் என்ர வயித்தை உம்மட்ட ஒப்படைச்சனான்."

நின்று சாப்பிட்டால்

மற்றவனுக்குப் பாதி போடுகிறவனின் கதையையும் சொல்லவேண்டும். குசினியில் வேலை செய்கிற நாங்கள் சாப்பிடுகிறதில்லை, ருசி பார்க்கிறோம். உப்புப் பார்க்க ஒரு துண்டு, சூடு பார்க்க ஒரு துண்டு, எறியப் பாவமென்று ஒரு துண்டு. எல்லாம் நின்றுகொண்டு. நின்று சாப்பிட்டது உடம்பில் சேராது என்று யாரோ எங்களுக்கு வரம் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் இருந்து சாப்பிடுவது வேறு.

அந்த மாதம் என்னுடைய டொக்டர் இரத்தச் சோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். சீனி ஏறிக்கொண்டே போகிறது, குளிசைக்கு அடங்கவில்லை, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். என்னுடைய தகப்பன் அந்த ஊசியோடு பட்டபாட்டைப் பார்த்தவன் நான். ஆனாலும் வீட்டுக்கு வந்து, செலின் சோற்றைக் கோப்பையால் அளந்து போட்டதைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. கொரியாக்காரர் மூன்று நேரமும் சோறு சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கும் வண்டி வயிறு இல்லை, அப்படியென்றால் சோற்றில் என்ன பிழை என்று வாதாடினேன். அவர்களுடைய மேசை எப்படியிருக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஆர்வமாகச் சொன்னேன்: கன்ரீன் சாப்பாட்டோடு தாங்களே சமைத்துக் கொண்டுவருகிற நாலைந்து விதமான மரக்கறி, ஒரு சூப், கொஞ்சம் மீன், ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவையள் கறி சாப்பிடுகினம், துணைக்குக் கொஞ்சம் சோறு. நீங்கள் சோறு சாப்பிடுறியள், துணைக்குக் கொஞ்சம் கறி."

மேசை மாறினவர்கள்

கொரியர்களில் ஆக இளையவர் ஜின். இருபத்தாறு வயதுப் பொறியியலாளர், வந்தபோது ஈர்க்குமாதிரி இருந்தார். இங்கிலிஷ் நன்றாக வரவேண்டும் என்று அமெரிக்கர்களின் மேசைக்கு மாறி இருந்தார். இங்கிலிஷ் வந்தது. அதோடு கோலாவும் வந்தது. காலையில் சொக்லேற் பூசின பாண், மத்தியானம் அமெரிக்க நண்பர்கள் தள்ளிவிடுகிற கிழங்கு, பின்னேரம் தனி அறையில் கணினிக்கு முன்னால் டோனர் இறைச்சி ரொட்டி. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அவருடைய காற்சட்டை பெல்ற் இல்லாமல் நின்றது. மாசியில் பொத்தான் பூட்டாமல் நின்றது.

இதே நேரத்தில் பிரௌ ஹான் டேவைத் தங்கட மேசைக்குக் கூப்பிட்டார். அந்த மேசையில் மூத்தவர் கரண்டியைத் தூக்கும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். எல்லாம் நடுவில், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். குடிக்கிறதுக்குத் தண்ணி. டேவுக்கு மெல்லிய உலோகக் குச்சிகள் இரண்டு கொடுத்தார்கள். ஒரு அவரைக்காயைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பசித்தது. சாப்பாடு முடிய முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் மூளைக்கு வயிறு நிறைந்த செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக அவரே சொன்னார்.

இரண்டு பேரும் ஒரேநாளில் என்னிடம் வந்தார்கள். டேவ் பெல்ற்றில் புது ஓட்டை குத்த ஏதாவது கூரானது கேட்டார். ஜின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தாய் கிழமைக்கு இரண்டுதரம் வீடியோவில் கதைப்பாவாம். கடைசியாகக் கதைத்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாவாம். ஜின் சொன்னது: "என்ர முகம் ஏன் வட்டமாக் கிடக்கு எண்டு அம்மா கேட்டவ. நான் இஞ்சத்தை இன்ரநெற் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

கார் பழுதான ஆள்

பங்குனி மாதம் ஒருநாள் ட்ராம் வேலைநிறுத்தம். டேவ் தங்கியிருந்த வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு நடந்தே வந்தார். வழக்கமாக ட்ராமுக்கு நடப்பார், ட்ராமிலிருந்து நடப்பார், பாண் வாங்க நடப்பார், அன்றைக்கு முழுத்தூரமும். கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டு, முழங்கால் முந்தி மாதிரி நோகவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

நான் அவரைக் கொஞ்சம் பகிடி பண்ணினேன். உங்கட நாட்டில் கால் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தான் வளர்ந்த ஊரில் நடைபாதையே இல்லையாம். கடைக்குப் போகிறதென்றால் பெருந்தெருவில் காரில்தான். தாய் இரண்டு வேலை செய்து களைத்து வருவா. வருகிற வழியில் பெட்டியில் வாங்கிக்கொண்டு வருகிறதுதான் இரவுச் சாப்பாடு. பெட்டி பெரிதாக இருந்தால் தாய்க்குச் சந்தோசம், பிள்ளைகள் பசிகிடக்கமாட்டார்கள் என்று. நான் அவருடைய வயிற்றைப் பேராசை என்று நினைத்திருந்தேன். அது ஒரு தாயின் அக்கறையிலிருந்து வளர்ந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் முகம் மாறியதைக் கண்டு அவரே என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்: "எங்கட ஊரில ஒருத்தன் நடந்து போறதைக் கண்டால், கார் பழுதாப்போச்சோ எண்டு நிப்பாட்டிக் கேப்பினம்."

பிரௌ ஹான் சொன்னது

இதற்குள் நான் கன்ரீனில் ஒரு போதகராகிவிட்டேன். கவுண்டருக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கொரியாக்காரரைப் பாருங்கள், அவர்களைப் போல் சாப்பிடுங்கள் என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். தேவாலயத்தில் பூசை முடிந்து நிற்கிற சனத்துக்கும் சொன்னேன். சீனி கொஞ்சம் இறங்கியிருந்த திமிர்தான்.

பிரௌ ஹான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருநாள் கோப்பியோடு வந்து, தான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தைச் சொன்னார். கொரியாவில் கண்டவுடன் சுகம் கேட்கிற மாதிரி, கொழுத்திட்டாய், மெலிஞ்சிட்டாய் என்று சொல்லுவார்களாம். பெரியம்மா சொல்லுவா, கடைக்காரி சொல்லுவா, வேலைக்கு நேர்முகம் கண்டவரே சொன்னாராம். ஒரு வருஷம் காலையும் இரவும் அவித்த வற்றாளைக்கிழங்கு ஒன்று மட்டும் சாப்பிட்டு, பரீட்சை மண்டபத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். இங்கே வந்த பிறகுதான், தன்னுடைய தட்டை ஒருவரும் பார்க்காத ஊரில், பசிக்கச் சாப்பிடுகிறாராம். எங்கட கல்யாண வீடுகள் எனக்கு ஞாபகம் வந்தன. வாசலில் சந்தனம் வைக்கும்போதே, என்ன தங்கச்சி உடம்பு வைச்சிட்டுது என்று கேட்கிற சனம்தானே நாங்களும்.

அவருடைய தட்டை நான்தான் ஒவ்வொருநாளும் பார்க்கிறேன் என்று எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பாராட்டுகிறவரும் ஒருவகையில் பார்க்கிறவர்தான் என்றார். பிறகு கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "மெலிஞ்ச ஆக்கள் எல்லாரும் சந்தோசமாச் சாப்பிடுற ஆக்கள் எண்டு நினையாதையுங்கோ, அந்தோனி."

நிறுவை

சித்திரைக் கடைசியில் தொழிற்சாலை டொக்டரின் அறையில் டேவ் நிறுத்துப் பார்த்தார். துணைக்கு வரச்சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சப்பாத்தைக் கழற்றினார், பெல்ற்றைக் கழற்றினார், கடைசியில் கண்ணாடியையும் கழற்றி என்னிடம் தந்தார். பதின்மூன்று கிலோ குறைந்திருந்தது. பதினெட்டு ஆகவில்லை. கலியாணத்துக்கு முதல் முழங்கால் மாற்ற வழியில்லை என்பது இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. அவர் நிறுவையில் நின்றபடியே கொஞ்சநேரம் நம்பரைப் பார்த்தார். கறிவூர்ஸ்ற் கொடுத்த அன்றைய நாள் என் நெஞ்சில் வந்து நின்றது.

நான் அதைச் சொல்லிவிட்டேன். என்னுடைய கரண்டியால் வந்த பிழை என்றேன். அவர் குனிந்து சப்பாத்தை மாட்டினார். போன வருஷம் குனிந்து சப்பாத்து மாட்ட முடியாமல் கதிரையில் இருந்து மூச்சுவாங்கினவர் அவர். டொக்டரும் அதைக் கவனித்தார். பிறகு டொக்டரின் கண் என்னுடைய வயிற்றில் வந்து நின்றது. இவர் யார், இவரும் நிறுக்க வந்தவரா என்று கேட்டார். டேவ் எனக்காகப் பதில் சொன்னார்: "இல்லை டொக்டர், இவர் என்ர சாப்பாட்டுக்குப் பொறுப்பு. அவற்ற சாப்பாட்டுக்கு அவற்ற மனுசி பொறுப்பு."

ஒரு பாட்டு

மே மாதம் எல்லாரும் போய்விட்டார்கள். புளிக்கோவா மறுபடியும் தட்டோடு திரும்பத் தொடங்கியது. ஜின் ஊருக்குப் போய் இரண்டு மாதத்தில் பழையபடி மெலிந்துவிட்டார் என்று பிரௌ ஹான் எழுதினார். தாய் பக்கத்தில் நின்று பரிமாறுகிறாவாம். எனக்கு மூன்று மாதத் தவணை இரண்டுதரம் தள்ளிப்போய், ஊசி இப்போதைக்குத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். செலின் அதை என்னை விடச் சத்தமாகத் தொலைபேசியில் எல்லாருக்கும் சொன்னாள்.

ஜூனில் டேவ் ஒரு வீடியோ அனுப்பினார். பரிமாறி முடிந்த பிறகு நானும் பிரௌ கமின்ஸ்கியும் பாத்திரங்களுக்கு நடுவில் நின்று பார்த்தோம். புது உடுப்பில், முந்தியைவிட ஒடுங்கின டேவ். வெள்ளை உடுப்பில் மகள். மெதுவாக, ஒரு காலில் பாரம் கூடாமல் கவனமாக ஆடினார். மகள் அவரைத் தாங்கவில்லை, தாங்கத் தயாராகக் கையை வைத்திருந்தாள். பாட்டு முடியும்வரை நின்றார். பிரௌ கமின்ஸ்கி ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெங்காயம் என்றார். அன்றைக்கு நாங்கள் வெங்காயம் வெட்டவில்லை. வீடியோவின் கீழே டேவின் குரலில் ஒரு செய்தி இருந்தது: "மகள் அழுதவள். நானும் அழுதனான் எண்டு எல்லாரும் நினைச்சவை, ஆனா எனக்கு மூச்சு வாங்கினது."

எந்த நாட்டுச் சாப்பாடு கொழுக்க வைக்கும், எந்த நாட்டுச் சாப்பாடு மெலிய வைக்கும் என்று இப்போதும் கவுண்டரில் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், மெலிந்தால் அது அவரவர் கெட்டித்தனம், கொழுத்தால் அது பரிமாறினவனின் பிழை என்பதில் எல்லா நாட்டுக்காரரும் ஒற்றுமை என்பதுதான்.